டுவேனின் துப்பாக்கியில் ஏறிய எடை

லவோன் செட்லாசெக்கின் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஹார்லன் க்ராஸிங்கில் இருக்கும் பண்ணைச் சாமான் கடையில், தீவன மூட்டைகளையும் ரப்பர் பூட்ஸுகளையும் தாண்டி உள்ளே போனால் கடைசியில் துப்பாக்கிக் கவுண்டர் வரும். அதன் பின்னால் அவள் வாயெல்லாம் பல்லாக நிற்பாள். ஐம்பத்து நாலு வயது, அகலமான தோள், அதைவிட அகலமான இடுப்பு. வேலிக் கம்பி வாங்க வந்தவன்கூட ஒரு எட்டு வந்து அவளிடம் பேசிவிட்டுத்தான் போவான். அந்தச் சிரிப்புக்கு அடியில் அவள் ஒரு மனிதனை நினைத்து உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

அந்த மனிதன் டுவேன் க்ரூஸ். டிராக்டர் விற்பவன். இருபது வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன்.

நெப்ராஸ்காவில் அந்தப் பக்கம் சோள அறுவடை முடிந்ததும் துப்பாக்கிக் கிளப்பின் போட்டி நடக்கும். அன்றைக்குச் சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து. கறியும் பீன்ஸும் போட்ட சூடான சில்லிக் குழம்பு, தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரோல். ஜெயித்தவன் தன் துப்பாக்கியை முன்மேசையில் வைப்பான். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைத் தூக்கிப் பார்த்து, தோளில் வைத்துப் பார்த்து, "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். பிறகு ஜெயித்தவன் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். போன வருஷமும் அதற்கு முந்தைய பல வருஷங்களும் அந்த மைக் டுவேன் கையில்தான் இருந்தது.

போன வருஷம் விவாகரத்து முடிந்து வருஷம் திரும்பும் முன்பே அந்த விருந்து வந்துவிட்டது. லவோன் வழக்கம்போலச் சில்லி ஊற்றும் மேசைக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள். டுவேன் மைக்கைத் தட்டிப் பார்த்தான். பக்கத்தில் புதுப் பெண்டாட்டி ஷானா.

"எல்லாரும் கேக்குறீங்க, துப்பாக்கி இவ்ளோ லேசா இருக்கே, எப்படி எடையக் கொறச்சேன்னு. அதெல்லாம் ஒண்ணும் பெரிய வித்தை இல்லப்பா. வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சேன். ஒரே கையெழுத்து, நூத்தித் தொண்ணூறு பவுண்டு எறங்கிடுச்சு!"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஷானா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். லவோனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்து, அந்த நிமிஷம் அவளுக்குப் பக்கத்தில் ரோல் அடுக்கிக்கொண்டிருந்த நேடின்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். லவோன் அடுத்த ஆளின் கிண்ணத்தில் சில்லியை ஊற்றினாள். யார் யார் சிரித்தார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

உடம்பைச் சொன்னது கூட இரண்டாவது வலிதான். முதல் வலி வேறு. அந்தத் துப்பாக்கியை லேசாக்கியது அவள்.

லவோன் பள்ளியில் படித்தபோது அணிவகுப்புக் குழுவில் மரத்துப்பாக்கி சுழற்றியவள். பேண்டுக்கு முன்னால் பளபளக்கும் உடையில் நடந்து, வெள்ளை அடித்த கட்டைத் துப்பாக்கியை மேலே எறிந்து, மூன்று சுற்று சுற்ற விட்டுப் பிடிக்க வேண்டும். பதினாறு வயதில் ஒரு புத்தி தோன்றி, அதன் இரண்டு முனையிலும் ஈயத் தகட்டை ஒட்டினாள். பார்க்க என்னமோ அழகாகத்தான் இருந்தது. விரல்மேல் நடுவில் வைத்தால் ஆடாமல் அசையாமல் நின்றது. ஆனால் சுழற்ற ஆரம்பித்தால் கிளம்ப மறுத்தது. கிளம்பிவிட்டாலோ நிற்க மறுத்தது. ஊர்வலத்தின் நடுவில் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்து அவள் தாடையில் போட்டது. இன்றைக்கும் அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் குடம் கட்டிய காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு யாராவது சடாரெனத் திரும்ப முடியுமா? நேராக நிற்கலாம், அவ்வளவுதான்.

கல்யாணமான பிறகு டுவேனின் சுபாவம் புரிந்தது. துப்பாக்கியில் ஒரு அங்குலம் காலியாக இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. விளம்பரத்தில் எதைப் பார்த்தாலும் வாங்கி மாட்டுவான். டார்ச், முன்கைப்பிடி, தரையில் ஊன்றும் இரட்டைக்கால், லேசர், கூடுதல் தோட்டா வைக்கும் பட்டை. போட்டிக்கு முந்தின வாரம் அவன் குறட்டை விடும்போது லவோன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். முன்னால் இருக்கும் கனத்தைத்தான் முதலில் எடுப்பாள். குழலின் வாய்ப் பக்கம் தொங்கும் ஒரு சின்ன டார்ச், தோள் பக்கம் இருக்கும் அதே எடையைவிடக் கையை எத்தனையோ மடங்கு இழுக்கும். கழற்ற முடியாததை உடம்புக்கு நெருக்கமாக, நடுவுக்குத் தள்ளுவாள். தடித்த குழலை மாற்றி மெல்லியதைப் போடுவாள். காலையில் டுவேன் கேட்டால், "அந்த டார்ச்சு ஆடிக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் மாட்டிக்கலாம்" என்பாள். அவன் போய் ஜெயித்துவிட்டு வருவான். போன வருஷம்கூட விவாகரத்து, புதுக் கல்யாணம் என்ற அலைச்சலில் அவன் புதிதாக எதையும் மாட்டவில்லை, அவள் கடைசியாகக் கழற்றி வைத்தபடியே கொண்டுபோய் ஜெயித்தான். தன் தோளும் கண்ணும்தான் ஜெயித்தன என்று அவன் நினைத்தான். அவளும் அப்படியே நினைக்க விட்டாள். புருஷன்தானே என்று விட்டாள். அதை நினைத்தால்தான் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த விருந்தில் அந்த மைக் தன் கைக்கு வர வேண்டும். அதே கூடம், அதே சில்லி, அதே வாய்கள். டுவேன் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

பனி உருகியதும் டுவேன் கவுண்டருக்கு வந்தான். வருவான் என்று அவளுக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் வேறு துப்பாக்கிக் கவுண்டர் இல்லை. போதாததற்கு, தான் யாரையாவது காயப்படுத்தினோம் என்பது அவனுக்கு மறுநாளே மறந்துவிடும்.

"என்ன வோனி, பெரிய ஸ்கோப் ஒண்ணு வந்திருக்காமே?"

"வந்திருக்கே. பாக்குறியா?"

"பாக்காம பின்ன எதுக்கு வந்தேன்? உன் மூஞ்சியப் பாக்கவா?" என்று அவனே சொல்லி அவனே சிரித்தான். துப்பாக்கிமேல் மாட்டித் தூரத்தைக் குறிபார்க்கும் அந்த ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தான். "யம்மாடி! அந்தக் கோடில இருக்குற மாட்டுத் தீவன மூட்டையில எழுத்துகூடத் தெரியுது. கொஞ்சம் கனமோ?"

"ஏன், உன் தோளுக்கு இதெல்லாம் ஒரு கனமா?"

அவள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். டுவேனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்கோப்போடு போனான்.

பிறகு வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தான். ஒருநாள் தடித்த குழல். "சுட்டுக்கிட்டே இருந்தாலும் சூடேறாதாமே?" என்றான். "ஏறாது," என்றாள் அவள். அது உண்மை. ஒருநாள் குழல்வாயில் மாட்டும் இரும்பு உருளை. "உதைப்பு கொறையுமாமே?" "நல்லாவே கொறையும்." அதுவும் உண்மை. அப்புறம் இரட்டைக்கால், அப்புறம் ஒரு டார்ச்.

"போட்டி பகல்லதானே நடக்குது, டார்ச் எதுக்கு?" என்று ஆணி வாங்க வந்த ஒருத்தர் வாயை வைத்தார்.

லவோனுக்குப் பகீர் என்றது. டுவேனே காப்பாற்றினான். "உங்களுக்கு என்ன தெரியும் பெரியவரே? இது இருந்தாத்தான் துப்பாக்கி முழுசா இருக்கும்."

கோடையில் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "துப்பாக்கி மூக்கு குத்துது வோனி. தூக்குனா கீழ கீழ போவுது. இடது கை மரத்துப்போவுது."

இங்கேதான் அவள் ஒரு மூச்சு நிதானித்தாள். பழைய லவோனாக இருந்தால் டார்ச்சைக் கழற்று, இரட்டைக்காலைக் கழற்று, அந்தக் குழலை வீட்டில் வை என்று சொல்லியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது. நூத்தித் தொண்ணூறு பவுண்டு என்று மைக்கில் சொன்ன குரலும் கூடவே வந்தது.

"பின்னாடி கனம் ஏத்துனா மூக்கு தூக்கிக்கும்," என்றாள். "தோள்கட்டைக்குள்ள போடுற ஈயக்கட்டி இருக்கு. தரவா?"

"குடு குடு."

அங்கேயே போட்டுக் கொடுத்தாள். அந்த ஊரில் துப்பாக்கியின் சமநிலையைப் பார்க்க ஒரே சோதனைதான். தோட்டாக் கூட்டுக்கு முன்னால் ஒரு விரலை வைத்துத் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாயாமல் நின்றால் துப்பாக்கி சரி, சாய்ந்தால் தப்பு. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. டுவேனின் துப்பாக்கி அவன் விரல்மேல் தட்டு வைத்த மாதிரி நின்றது. கடையில் இருந்த நாலு பேரும் கைதட்டினார்கள்.

"பாத்தியா? சும்மா தொட்டில்ல புள்ள தூங்குற மாதிரி நிக்குது!"

"நிக்குது," என்றாள் லவோன். நிற்கும். அதற்கு அசையத்தான் தெரியாது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் வண்டிக்குள் தனியாகச் சத்தமாகச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து! பிறகு தன் பங்குக்கு இறங்கினாள். விவாகரத்தில் அவளுக்கு வந்தது ஒரு பழைய அரைத்தானியங்கித் துப்பாக்கி. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். டுவேனுடையதும் அதே வகைதான். லவோன் தன்னுடையதில் மெல்லிய குழல் போட்டாள். மேலே தீப்பெட்டி அளவுக்குச் சிவப்புப் புள்ளி காட்டும் ஒரு குறிக்கண்ணாடி, வேறு எதுவும் கிடையாது. வெறுமையாக, மொட்டையாக, பார்க்கவே பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் மேய்ச்சல் நிலத்தில் போய்ச் சுட்டுப் பழகினாள். தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகினாள். மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கும்போதே சுட்டாள்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது நேடின் ஓடி வந்தாள்.

"என்னடி இது? பத்து வருஷமா சில்லி ஊத்துன, இப்ப என்ன புதுசா சுடப் போற?"

"ஊத்தி ஊத்திக் கை வலிக்குது."

"டுவேனோட துப்பாக்கியப் பாத்தியா? ஏவுகணை மாதிரி இருக்கு. உன்னோடத பாத்தா வேலிக்கட்டை மாதிரி இருக்கு. எல்லாரும் சிரிக்கப் போறாங்கடி."

"சிரிக்கட்டும். நீ நல்லாச் சிரிப்பியே."

நேடின் முகம் சுருங்கிப் போனது. லவோனுக்கு அதுவும் இனித்தது.

போட்டி நாளன்று காற்று நன்றாக வீசியது. காலைச் சுற்றுகளில் டுவேன் பிரமாதமாகச் சுட்டான். படுத்துக்கொண்டு, இரட்டைக்காலை ஊன்றித் தூரத்துப் பலகையைச் சுடும் சுற்றில் அந்தக் கனமெல்லாம் மண்மேல் உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கி மலைபோல அசையாமல் இருந்தது. லவோன் அவனுக்குப் பின்னால், பின்னால் என்று நாலாவது இடத்தில் கிடந்தாள். தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். இவன் இப்படியே ஜெயித்துவிட்டால், அவளே மாட்டிக் கொடுத்த சாமான்களால் ஜெயித்தவனாக மைக் பிடிப்பான். என்ன பேசுவான் என்று நினைக்கவே அவளுக்கு வாய் கசந்தது.

கடைசிச் சுற்றுதான் அந்தக் கிளப்பின் பெருமை. மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு மதிப்பெண் அதிகம். முதுகில் துப்பாக்கியைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, ஒரு விதைச் சோள மூட்டையைத் தூக்கிக்கொண்டு களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். மூட்டையைப் போட்ட கையோடு, நின்றபடியே, இடமிருந்து வலமாக நட்டிருக்கும் இரும்புத் தட்டுகளை வரிசையாகச் சுட்டு விழவைக்க வேண்டும். பிறகு வலமிருந்து இடமாக இன்னொரு வரிசை. எல்லாம் நேரக் கணக்கு.

லவோனின் முறை முதலில் வந்தது. மூட்டையைப் போட்டாள். இரண்டு மூச்சு விட்டாள். துப்பாக்கி தோளுக்கு வந்தது தெரியவே இல்லை, கை நீட்டின மாதிரி வந்தது. தட்டிலிருந்து தட்டுக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போனது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஒன்று தவறியது, திரும்பச் சுட்டாள். கடைசித் தட்டும் விழுந்தது. போட்டியை நடத்தும் அதிகாரி கென்ட் கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு நேரத்தைச் சொன்னார். பிறகுதான் யாரோ விசிலடித்தார்கள்.

டுவேன் நடப்புச் சாம்பியன், அதனால் கடைசி ஆள். முதுகில் அந்தத் துப்பாக்கி இடுப்பை இடித்து இடித்து வந்தது. பாதியிலேயே மூட்டை நழுவி ஒருமுறை முழங்காலை ஊன்றினான். கோட்டுக்கு வந்து துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினான். முதல் தட்டு விழுந்தது. இரண்டாவது தட்டுக்குத் திருப்பினான். துப்பாக்கி மெதுவாகக் கிளம்பி, வேகம் எடுத்து, தட்டைத் தாண்டிப் போனது. இழுத்துத் திருப்பினான், இந்தப் பக்கம் தாண்டியது. சுட்டான், மண் தெறித்தது. மறுபடியும் மண். பெரிய ஸ்கோப்பில் பக்கத்துத் தட்டு வாசல் கதவு அளவுக்குத் தெரிந்ததால் எந்தத் தட்டைப் பார்க்கிறோம் என்பதே அவனுக்குப் புரியவில்லை. இரண்டாவது வரிசைக்கு வரும்போது இடது கை வெளிப்படையாக நடுங்கியது.

"டுவேன், கதிரடிக்கிறியா சுடுறியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

லவோன் கண் இமைக்காமல் பார்த்தாள். ஒவ்வொரு மண் தெறிப்பும் அவளுக்குத் தேன் சொட்டு. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று அவள் முயற்சியும் செய்யவில்லை.

டுவேன் ஆறாவது இடத்துக்குப் போனான். லவோன், அடுத்தவரை மயிரிழையில் முந்தி, முதலிடம்.

விருந்தில் அவளுடைய மொட்டைத் துப்பாக்கி முன்மேசையில் கிடந்தது. தூக்கிப் பார்த்தவர்கள் எல்லாம் அடுத்தவரிடம் நீட்டி, "பிடிச்சுப் பாரேன், ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றார்கள். கென்ட் மைக்கை அவள் கையில் கொடுத்தார். ஒரு வருஷமாக வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம் தொண்டையில் தயாராக இருந்தது. அதில் பாதி ஷானாவைப் பற்றியது. அதுவும் உடம்பைப் பற்றியதுதான், குறை வைக்கவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் டுவேன் கீழேயிருந்து கத்தினான். தோற்றவன் அந்தக் கூடத்தை எப்படியாவது தன் பக்கம் இழுக்கப் பார்த்தான்.

"நான் என்னங்கடா பண்றது? துப்பாக்கியச் சொல்றீங்களே, வீட்டுலயும்தான் மறுபடியும் எடை ஏறிக்கிட்டு இருக்கு! இந்தா, பக்கத்துலயே உக்காந்திருக்குப் பாருங்க!"

அங்கங்கே சிரித்தார்கள். ஷானா கையில் இருந்த ரோலைத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டுத் தட்டையே பார்த்தாள். அவள் காதுமடல் சிவந்ததை மேடையிலிருந்து லவோன் பார்த்தாள். ஷானாவுக்காக வைத்திருந்த பாதி வசனத்தை விழுங்கினாள். அதைச் சொன்னால் டுவேனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரிக்கக் கூடாது.

"டுவேனோட துப்பாக்கிய யாரும் கொற சொல்லாதீங்க," என்றாள் மைக்கில். "அதுல இருக்குற ஒவ்வொண்ணையும் நான்தான் மாட்டிக் குடுத்தேன். அவன் கேட்டான், நான் மாட்டுனேன். இருபது வருஷமாவும் அவன் இதெல்லாம் வாங்கிட்டுதான் இருந்தான். அப்பல்லாம் அவன் தூங்குன அப்புறம் நான் கழட்டி வெச்சிடுவேன். அதனால ஜெயிச்சான். இந்த வருஷம் கழட்ட ஆள் இல்ல. அவ்ளோதான்."

எல்லோரும் டுவேனைப் பார்த்தார்கள். அவன் ஜெயித்த இத்தனை வருஷக் கோப்பைகளையும் சேர்த்து நினைத்துப் பார்த்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "இல்ல... அது வந்து..." அப்போதுதான் கூடம் சிரித்தது. போன வருஷம் சிரித்த அதே வாய்கள், போன வருஷத்தைவிடச் சத்தமாக. நேடின் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். டுவேன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். ஷானா கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தாள்.

அடுத்த வாரம் கடை திறந்ததும் முதல் ஆளாக ஷானா கவுண்டருக்கு வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு துப்பாக்கி வேணும். அடுத்த வருஷம் நானும் போட்டில நிக்கப் போறேன்," என்றாள். "என்னென்ன மாட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

லவோன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு மறந்துவிடவில்லை. டுவேன் திருப்பிக் கொண்டுவந்து வீசிய பெரிய ஸ்கோப் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் இவளும் வாங்கிக்கொண்டு போவாள். நன்றி சொல்லிவிட்டுப் போவாள்.

"போன வருஷம் நான் சிரிச்சேன்," என்றாள் ஷானா, கவுண்டர் கண்ணாடியைப் பார்த்தபடி. "எல்லாரையும்விடச் சத்தமா."

"தெரியும்."

லவோன் ஸ்கோப்பைத் தொடவில்லை. கீழே குனிந்து மெல்லிய குழல் ஒன்றை எடுத்து வைத்தாள். பக்கத்தில் தீப்பெட்டி அளவுக் குறிக்கண்ணாடி. ஷானாமேல் இரக்கப்பட்டு அல்ல. கழற்றிவிட்ட பெண்டாட்டியிடம் தோற்றதை டுவேன் எப்படியாவது மறந்துவிடுவான், அவனுக்கு மறதி அதிகம். வீட்டில் இருக்கிற பெண்டாட்டியிடம் தோற்றால் காலையில் காப்பி குடிக்கும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை எங்க மாமா நிலத்துக்கு வந்துடு," என்றாள் லவோன். "வரும்போது ஒரு விதை மூட்டையும் தூக்கிட்டு வா."